வசந்தத்தில் வஞ்சிரத்தின் பங்காளி: டாம்பா விரிகுடாவில் முதல் மீன்பிடிப் பயணம்

ஃபுளோரிடாவின் மேற்குக் கரைக்குக் குடிவரும் தமிழ்க் குடும்பங்கள் வீடு, பள்ளிக்கூடம், மளிகைக்கடை எல்லாம் விசாரித்து முடித்த பிறகு என்னிடம் தவறாமல் கேட்பது, "இங்கே நல்ல வஞ்சிரம் எங்கே கிடைக்கும்?" என்பதுதான். கடையில் உறைந்து கட்டியாகக் கிடப்பதை அவர்கள் கேட்கவில்லை. மார்ச் கடைசி வரை பொறுத்திருங்கள், கடலுக்குப் போய் நாமே பிடித்து வரலாம் என்பேன்.

ஸ்பானிஷ் மேக்கரல் என்று இங்கே சொல்லப்படும் மீன், நம் வஞ்சிரம் (குமரிப் பக்கம் நெய்மீன், இலங்கையில் அறக்குளா) சேர்ந்த அதே பேரினத்து மீன். உருவத்தில் சிறியது. பெரும்பாலும் முழங்கை நீளம்தான் இருக்கும். நாகப்பட்டினத்திலிருந்து வந்திருந்த என் மாமனார் முதல் மீனைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பேர் எதுவாக இருந்தாலும் இது வஞ்சிரத்தின் பங்காளிதான் மாப்பிள்ளை" என்றார். அன்றிரவு பொரித்த துண்டைச் சாப்பிட்ட பிறகும் அவர் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

வாடகைப் படகில் ஒருமுறைகூடப் போகாதவர்களுக்காக இதை எழுதுகிறேன். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். முதல் பயணத்தில் பெரிய மீனுக்கு ஆசைப்படாதீர்கள். நாற்பது மைல் தாண்டிய ஆழ்கடலும் ஆள் உயர மீனும் பிறகு ஒரு நாள் ஆகட்டும். வசந்தத்தில் மீன் கரையைத் தேடி வருகிறது. அதைக் கரையோரத்திலேயே, அரை நாளில், குழந்தைகளோடு சேர்ந்து பிடிக்கலாம்.

மீன் கரைக்கு வருவதற்குக் காரணம் இருக்கிறது. குளிர்காலத்தில் இந்த இனங்கள் தெற்கு ஃபுளோரிடாவின் வெதுவெதுப்பான நீருக்கு ஒதுங்கிவிடுகின்றன. மார்ச்சில் கடல் சூடேறி 68 முதல் 70 டிகிரி ஃபாரன்ஹீட்டை (சுமார் 20, 21 செல்சியஸ்) தொடும்போது, சாளை போன்ற சிறு மீன் கூட்டங்கள் கரையை ஒட்டி வடக்கே நகரத் தொடங்கும். அவற்றைத் துரத்திக்கொண்டு மேக்கரல் வரும். ஏப்ரல் முழுவதும் இந்த ஓட்டம் இருக்கும். அதே மாதங்களில் ஷீப்ஸ்ஹெட் என்னும் கறுப்பு வரி போட்ட மீன் முட்டையிடுவதற்காகப் பாலத் தூண்களையும் கரையோரப் பாறைகளையும் மொய்க்கும். ஆக, மேலே ஒரு மீன், அடியில் ஒரு மீன் என்று இரண்டு வேட்டை ஒரே காலையில் கிடைக்கும்.

கடலடியும் நமக்குச் சாதகம். மெக்சிகோ வளைகுடாவின் இந்தப் பக்கத்தில் தரை மிக மெதுவாகத்தான் சரிகிறது. கரையிலிருந்து ஒன்பது, பத்து மைல் போனாலும் ஆழம் நாற்பது அடிக்குப் பக்கத்தில்தான் இருக்கும். ஃபுளோரிடா மாநிலத்தின் கடல் எல்லை இந்த வளைகுடாப் பக்கத்தில் ஒன்பது கடல் மைல். அட்லாண்டிக் பக்கத்தில் மூன்றுதான். 'நியர்ஷோர்' என்று படகுக்காரர்கள் சொல்வது பெரும்பாலும் இந்த ஒன்பது மைலுக்குள் அடங்கிவிடும். டாம்பா விரிகுடாவின் வாயிலில் இருக்கும் எக்மான்ட் கீ தீவு, 1858இல் கட்டிய அதன் கலங்கரை விளக்கம், மீன் சேர்வதற்கென்று மாவட்ட நிர்வாகம் கடலில் இறக்கி வைத்திருக்கும் செயற்கைப் பாறைக் குவியல்கள் எல்லாம் இந்த எல்லைக்குள்தான் வருகின்றன.

முதல் வேலை: படகைப் பேசுவது

படகுகள் இரண்டு வகை. ஆளுக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு நாற்பது, ஐம்பது பேரோடு போகும் பெரிய படகு ஒன்று. உங்கள் குழுவுக்கு மட்டும் மொத்த வாடகைக்கு வரும் சிறு படகு இன்னொன்று. செலவு அதிகமானாலும் முதல் முறைக்குச் சிறு படகையே சொல்வேன். குழந்தைக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அதில்தான் பாதியில் திரும்பிவர முடியும்.

சிறு படகில் பயணிகள் ஆறு பேருக்கு மேல் ஏறக்கூடாது. கடலோரக் காவல்படை அந்த மாலுமிக்குக் கொடுத்திருக்கும் உரிமமே அவ்வளவுதான். கைக்குழந்தையும் அந்த ஆறில் ஓர் ஆள். நம்மவர்கள் இதில்தான் ஏமாறுகிறார்கள். நான்கு பேர் ஒரு வீடு, மூன்று பேர் ஒரு வீடு என்று சேர்ந்து கிளம்பிவிட்டு, "பாப்பா மடியில்தானே இருக்கப்போகிறாள்" என்று படகுத்துறையில் நின்று மன்றாடுவதைப் பார்த்திருக்கிறேன். எந்தக் கேப்டனும் இதற்கு ஒத்துக்கொள்ள மாட்டார், ஒத்துக்கொள்ளவும் கூடாது.

தொலைபேசியில் பேசும்போது இவற்றைக் கேட்டுவிடுங்கள். நான்கு மணி நேரம் என்றால் துறையிலிருந்து துறை வரையா? காலையில் இரைமீன் பிடிக்கும் நேரமும் அதில் சேருமா? மீனை வெட்டித் தருவதற்குத் தனிக் கட்டணமா? காற்று அடித்தால் நாளை மாற்றித் தருவீர்களா, முன்பணம் என்னவாகும்? கடைசிக் கேள்விக்குத் தெளிவான பதில் சொல்லாதவரை விட்டுவிடுங்கள். மீன்பிடி உரிமச் சீட்டு பற்றிக் கவலை வேண்டாம். உரிமம் பெற்ற வாடகைப் படகில் ஏறினால் அதுவே பயணிகளுக்கும் சேர்த்து எடுத்ததாகும். கரையிலிருந்தோ நண்பரின் படகிலிருந்தோ பிடிக்கப் போனால்தான் தனியாக வாங்க வேண்டும்.

இதோடு உங்கள் விருப்பத்தையும் சொல்லிவிடுங்கள்: "எங்களுக்குச் சாப்பிடுவதற்கு ஸ்பானிஷ் மேக்கரல் வேண்டும், முடிந்தால் ஷீப்ஸ்ஹெட். சுறாவோடு போராட ஆசையில்லை." இதைச் சொல்லாவிட்டால், வருகிறவர்களுக்குப் பெரிய மீனோடு புகைப்படம்தான் வேண்டும் என்று அவர் நினைத்துக்கொள்வார். மார்ச் மாதப் பள்ளி விடுமுறை வாரங்களில் படகு கிடைப்பது கடினம். ஏப்ரலில் ஒரு வார நாளைப் பேசிக்கொள்வது நல்லது.

இரண்டாவது: காற்றைப் படிப்பது

இதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு முழுக் காலை வீணாயிற்று. முதல் முறை நான் போனபோது வானம் கண்ணாடி மாதிரி இருந்தது. ஆனால் மேற்கிலிருந்து காற்று. கேப்டனும் போகலாம் என்றார். வாயிலைத் தாண்டியதும் குட்டையும் நெருக்கமுமாக அலை, ஒன்று முடிவதற்குள் அடுத்தது. என் மனைவியும் மகனும் இரண்டு மணி நேரம் வாந்தி எடுத்தார்கள். அன்று மூன்று மீன் பிடித்தோம். அதன் ருசி எவருக்கும் நினைவில்லை.

இந்தக் கரைக்குக் கடல் மேற்கே இருக்கிறது. அதனால் கிழக்குக் காற்று நிலத்தைக் கடந்து வரும், கரையோரக் கடல் குளம்போல் கிடக்கும். மேற்குக் காற்று வளைகுடா முழுவதையும் கடந்து வருவதால் வரும் வழியெல்லாம் அலையைச் சேர்த்துக்கொண்டு வரும். நம் ஊர்க் கடலோடிகள் கொண்டல் (கிழக்குக் காற்று), கச்சான் (மேற்குக் காற்று), வாடை (வடக்குக் காற்று) என்று திசைக்கொரு பெயர் வைத்திருப்பது இதற்காகத்தான். நமக்கு இங்கே கொண்டல் நல்லது, கச்சான் ஆகாது. கரை மாறியிருப்பதால் கணக்கும் மாறுகிறது.

வசந்தத்தில் வடக்கிலிருந்து குளிர்முகங்கள் (குளிர்ந்த காற்றுத் திரளின் முன்விளிம்புகள்) வந்துகொண்டே இருக்கும். ஒன்று நெருங்கும்போது காற்று தென்மேற்காகும், கடந்து போனதும் வடமேற்காகித் திருகும், பிறகு வாடையாகி மெல்ல கிழக்கே திரும்பி அடங்கும். அந்த அடங்கும் நாள்தான் நம் நாள். தேசிய வானிலைச் சேவை தினமும் கடல் முன்னறிவிப்பு வெளியிடுகிறது. அதில் எங்கிள்வுட்டிலிருந்து டார்பன் ஸ்பிரிங்ஸ் வரையிலான பகுதிக்கு, கரையிலிருந்து இருபது மைல் வரைக்கும் தனி அறிக்கை இருக்கும். காற்று மணிக்குப் பத்து கடல் மைலுக்குள், அலை இரண்டு அடிக்குள் என்றால் குழந்தைகளோடு போகலாம். மேற்குக் காற்று, மூன்று அடி அலை என்றிருந்தால், கேப்டன் வரத் தயாராக இருந்தாலும் நீங்கள் நாளை மாற்றச் சொல்லுங்கள்.

காலைப் பயணத்தையே எடுங்கள். வெயில் ஏறியதும் நிலம் சூடாகிக் கடற்காற்று உள்ளே வரத் தொடங்கும். மதியத்துக்கு மேல் மேற்கிலிருந்து வீசும் அந்தக் காற்றால் கடல் கலைந்துவிடும்.

முந்தின நாளும் அன்று காலையும்

குமட்டல் மாத்திரை போடுவதாக இருந்தால் மருத்துவரைக் கேட்டு, கடலுக்குப் போவதற்கு முன்பே போடுங்கள். குமட்டல் தொடங்கிய பிறகு போட்டுப் பயனில்லை. நன்றாகத் தூங்குங்கள். வெறும் வயிறும் கூடாது, எண்ணெய்ப் பலகாரமும் கூடாது. இரண்டு இட்லியோடு கிளம்புங்கள். இஞ்சி மரப்பா கையில் இருக்கட்டும். எங்கள் குழுவில் அதற்குத்தான் முதல் மரியாதை. படகில் ஏறியதும் அடிவானத்தைப் பாருங்கள், கைபேசியைப் பார்க்காதீர்கள். அணியத்தில், அதாவது படகின் முன்பக்கத்தில்தான் ஆட்டம் அதிகம், நடுவிலும் பின்பக்கமும் உட்காருங்கள்.

முழுக்கைச் சட்டை, தொப்பி, எதிரொளிப்பைத் தடுக்கும் கண்ணாடி, தளத்தில் கறை விடாத அடிப்பாகமுள்ள செருப்பு. வெயில் களிம்பைக் கையால் தடவிக்கொள்ளுங்கள். தெளிப்பான் வேண்டாம், அது தளத்தில் பட்டால் வழுக்கும். உங்கள் ஐஸ்பெட்டியைக் காரிலேயே வைத்துவிடுங்கள், படகில் அவர்களுடையது இருக்கும். வாழைப்பழம் கொண்டுபோகாதீர்கள். படகில் வாழைப்பழம் இருந்தால் மீன் கிடைக்காது என்பது இங்கே பழைய நம்பிக்கை. பல கேப்டன்கள் அதை உண்மையாகவே பார்க்கிறார்கள். அவர் தொழிலிடத்தில் அவர் நம்பிக்கையை மதிப்பது நம் கடமை.

இருபத்தாறு அடிக்குக் குறைவான படகு ஓடும்போது ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் மிதவைச் சட்டை போட்டிருக்க வேண்டும் என்பது ஃபுளோரிடாச் சட்டம். வயது கூடியிருந்தாலும் போட்டுவிடுங்கள். குழந்தையின் அளவுக்கு இருக்கிறதா என்று முன்பே கேட்டுவிட வேண்டும்.

கடலில்

விடியலில் முதல் அரைமணி இரைமீனுக்குப் போகும். கேப்டன் கரையோர மிதவைகளுக்குப் பக்கத்தில் வீச்சு வலையை எறிவார், அல்லது சிறு தூண்டில் முள்கள் வரிசையாகக் கட்டிய கயிற்றை இறக்குவார். வெள்ளிக் காசுகள் கொட்டுவது போலச் சாளைகள் தொட்டியில் விழும். குழந்தைகளுக்கு இதுவே பெரிய வேடிக்கை. நேரம் போகிறதே என்று பதறாதீர்கள். உயிருள்ள இரை நிறைந்த தொட்டிதான் அன்றைய மூலதனம்.

அடுத்து, பறவைகளைப் பாருங்கள். ஆலாக்கள் ஓரிடத்தில் சுற்றிச் சுற்றித் தலைகுப்புற விழுகின்றன என்றால், கீழே மேக்கரல் சிறுமீனைத் துரத்தி மேலே ஏற்றியிருக்கிறது என்று பொருள். படகு அந்தக் கூட்டத்துக்குள் போகாது. ஓரத்தில் நின்று, மசித்த மீன்கூழைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் விட்டு மீனை இழுப்பார்கள். உங்கள் கையில் மெல்லிய தூண்டில் கோல் இருக்கும், நரம்பின் (தூண்டில் இழையின்) முனையில் நீண்ட கழுத்துள்ள முள்ளோ பளபளக்கும் தகட்டு இரையோ இருக்கும். மேக்கரலின் பல் கத்தரிக்கோல் மாதிரி. முள்ளின் கழுத்து நீண்டிருப்பது அதன் வாயில் நரம்பு அகப்படாமல் இருக்கத்தான்.

கடித்த கணத்தில் கையில் ஒரு அடி விழும், உடனே ரீல் (நரம்பைச் சுற்றியிருக்கும் உருளை) கிர்ர்ரென்று கத்தும். புதியவர்கள் தவறு செய்வது இங்கேதான். ரீல் கத்தும்போது மீன் நரம்பை இழுத்துக்கொண்டு ஓடுகிறது. அப்போது கைப்பிடியைச் சுற்றாதீர்கள். சுற்றினாலும் நரம்பு உள்ளே வராது, முறுக்கேறித்தான் போகும். கோலை நிமிர்த்திப் பிடித்தபடி ஓட விடுங்கள். சத்தம் நின்றதும் கோலை மெல்ல உயர்த்துங்கள், தாழ்த்தும்போது சுற்றுங்கள். உயர்த்து, தாழ்த்திச் சுற்று. படகருகே வந்ததும் அது படகைப் பார்த்து இன்னொரு முறை ஓடும். பல மீன் தப்பிப்பது அந்தக் கடைசி ஓட்டத்தில்தான். நரம்பைத் தளரவிடாமல் காத்திருங்கள். மேலே வந்த மீனை நீங்கள் தொட வேண்டாம். முள்ளை எடுப்பது படகுக்காரர் வேலை. விரல் நுனி மேக்கரலின் வாயில் பட்டாலும் தையல் போட வேண்டியிருக்கும். கெளுத்தி வந்தால் இன்னும் எச்சரிக்கை. அதன் முள் குத்தினால் கை நாள் முழுக்க வலிக்கும். இது நம் ஊரில் அனைவரும் அறிந்ததுதான்.

ஷீப்ஸ்ஹெட் நேர்மாறு. இறாலையோ சிறு நண்டையோ முள்ளில் கோத்துத் தரைவரை இறக்கினால், கடிப்பதே தெரியாமல் இரையைத் தின்றுவிடும். மனிதப் பல் போலவே வரிசையான பற்கள் அதற்கு, ஓட்டை உடைத்துத் தின்னும் பிறவி. கயிறு கொஞ்சம் கனத்தாற்போல் தோன்றினாலே மெல்ல உயர்த்திப் பாருங்கள். பொறுமையுள்ள பெரியவர்களுக்கு ஏற்ற மீன் இது. என் மாமனார் அன்று இதில்தான் எங்கள் எல்லோரையும் வென்றார்.

அளவும் அடையாளமும்

ஸ்பானிஷ் மேக்கரல் குறைந்தது 12 அங்குலம் இருக்க வேண்டும், ஒருவருக்கு ஒரு நாளைக்கு 15. அளப்பது மூக்கு நுனியிலிருந்து வால் பிளவின் நடுப்பள்ளம் வரை. ஷீப்ஸ்ஹெட்டுக்கு முழுநீளம் 12 அங்குலம், ஒருவருக்கு 8. முட்டையிடும் காலம் என்பதால் மார்ச், ஏப்ரல் மாதங்களில் ஒரு படகுக்கு மொத்தமே 50தான். களவா இனத்தைச் சேர்ந்த கேக் குரூப்பர் இந்த வசந்த மாதங்களில் தூண்டிலில் வந்தால் திரும்ப விட வேண்டியதுதான். எவ்வளவு பெரிதானாலும் கெஞ்சாதீர்கள். விதிகள் மாறக்கூடியவை. கிளம்பும் வாரத்தில் மாநில மீன், வனவிலங்குப் பாதுகாப்பு ஆணையத்தின் இணையதளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

குழப்பம் வருவது கிங் மேக்கரல் குட்டியிடம். அதற்குக் குறைந்த அளவு 24 அங்குலம். குட்டியாக இருக்கும்போது அதன் உடலிலும் பொன்புள்ளிகள் இருப்பதால் ஸ்பானிஷ் என்று நினைத்துப் பெட்டியில் போட்டுவிடுகிறார்கள். புள்ளியைப் பார்க்காதீர்கள், பக்கக்கோட்டைப் பாருங்கள். செவுளிலிருந்து வால் வரை ஓடும் அந்த மெல்லிய கோடு ஸ்பானிஷ் மேக்கரலில் மெதுவாகச் சரிந்து போகும். கிங் மேக்கரலில் இரண்டாவது முதுகுத் துடுப்புக்குக் கீழே படிக்கட்டு இறங்குவது போலச் சட்டென்று விழும். ஸ்பானிஷின் முதல் முதுகுத் துடுப்பை விரித்தால் முன்பாகம் கறுப்பாக இருக்கும், கிங்கில் கறுப்பு இராது.

பெரிய மீனுக்கு ஆசைப்படாதீர்கள் என்று சொன்னதற்கு இன்னொரு காரணமும் இங்கே இருக்கிறது. கிங் மேக்கரலில் பாதரசம் அதிகம். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் குழந்தைகளும் தவிர்க்க வேண்டிய மீன்களின் பட்டியலில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அதை வைத்திருக்கிறது. ஸ்பானிஷ் மேக்கரலும் ஷீப்ஸ்ஹெட்டும் உண்ணத்தக்கவற்றின் பட்டியலில் இருக்கின்றன. கடையில் கிங்ஃபிஷ் என்ற பெயரைப் பார்த்து வாங்கும்போதும் இதை மனதில் வையுங்கள். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் கட்டாயம்.

பிடித்த மேக்கரல் உடனே ஐஸுக்குள் போக வேண்டும். கடல்நீர் ஊற்றிக் கலக்கிய ஐஸ்கூழ் இன்னும் நல்லது. இந்த இன மீன் வெயிலில் கிடந்தால் அதில் ஹிஸ்டமின் உருவாகும். பிறகு எவ்வளவு வேகவைத்தாலும் அது போகாது. சாப்பிட்டவருக்கு முகம் சிவந்து உடம்பு தடிக்கும். படத்துக்காக ஆளாளுக்கு மீனைத் தூக்கிக்கொண்டு நிற்கும் நேரத்தைக் குறையுங்கள்.

கரையேறிய பிறகு

மீனைக் கரைக்கு முழுசாகத்தான் கொண்டுவர வேண்டும், படகில் தலையை வெட்டக்கூடாது. துறையில் மேசை போட்டு வெட்டித் தருவார்கள். இங்கே ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லாவிட்டால் வருத்தப்படுவீர்கள். இவர்கள் கைப்பழக்கம் இரண்டு பக்கச் சதையையும் உரித்தெடுத்து, நடுமுள்ளையும் தலையையும் கூழைக்கடாக்கள் காத்திருக்கும் பக்கமாகத் தள்ளிவிடுவது. குழம்பின் உயிரே போய்விடும். "மேக்கரலைக் குடல் மட்டும் எடுத்து, முள்ளோடு வட்டமாக முக்கால் அங்குலத் துண்டு போடுங்கள், தலைகள் எங்களுக்கு வேண்டும்" என்று கத்தி எடுப்பதற்கு முன் சொல்லுங்கள். முதலில் வியப்பாகப் பார்ப்பார்கள், பிறகு சந்தோஷமாகச் செய்து தருவார்கள். அவர்களுக்கும் அதில் பாதி வேலைதான். ஷீப்ஸ்ஹெட்டை மட்டும் அவர்கள் போக்கிலேயே விடுங்கள். அதன் விலா எலும்பு கெட்டி, வீட்டுக் கத்தியால் ஆகாது.

வாடகையில் நூற்றுக்குப் பதினைந்து முதல் இருபது வரை அன்பளிப்பு கொடுப்பது இங்கே வழக்கம். உதவியாளர் இருந்தால் அது அவர் கையில் போக வேண்டும். பல படகுகளில் அவருடைய அன்றைய வருமானத்தில் பெரும்பகுதி அதுதான். வரும்போதே இதற்குப் பணமாக எடுத்து வையுங்கள்.

மேக்கரல் எண்ணெய்ச் சத்துள்ள மீன், உறையவைத்தால் இரண்டு மாதத்துக்கு மேல் ருசி நிற்காது. அதனால் வீட்டுக்கு வந்ததும் பங்கு போடுங்கள். பக்கத்து வீட்டுக்குக் கொஞ்சம், உறைபெட்டிக்குக் கொஞ்சம். மீதித் துண்டுகளில் மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, ஒரு எலுமிச்சம்பழச் சாறு தடவி அரைமணி ஊறவிட்டு, தோசைக்கல்லில் எண்ணெய் ஊற்றி மிதமான தீயில் போடுங்கள். இது சிறு மீன், சீக்கிரம் வெந்துவிடும். ஓரம் சிவந்ததும் ஒரே ஒரு முறை திருப்பிப் போடுங்கள். தலைகளை மறுநாள் புளிக்குழம்புக்கு எடுத்து வையுங்கள்.